படிவம் பதினொன்றில் நான்கு முட்டைகள்

ஒரு காட்டில் ஒரு குளம் இருந்தது. சிங்கம் இருந்தது என்று சொல்வேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். அந்தக் காட்டில் சிங்கமெல்லாம் கிடையாது. இருந்த தொல்லைக்கு அந்தக் குளமே போதும்.

குளத்தின் கிழக்குக் கரையில் யானைகள், மேற்குக் கரையில் காட்டெருமைகள். மழைக்காலத்தில் தண்ணீர் தளும்பிக் கிடக்கும்போது இரண்டு பக்கமும் சம்பந்தி வீட்டார் மாதிரி குசலம் விசாரித்துக்கொள்ளும். பங்குனி பிறந்து குளம் வற்றத் தொடங்கினால் போச்சு. நடுவில் ஒரு சேற்றுக் குட்டை மட்டும் மிஞ்சும். அது யாருடையது என்று கேட்டு யானைத் தலைவி பெரியநாயகி பிளிறுவாள். காட்டெருமைத் தலைவர் கொம்பையா காலால் மண்ணைக் கிளறுவார். அப்புறம் முட்டல், மோதல், ஒரே புழுதி. சாயங்காலமானால் அலுத்துப்போய் எல்லாரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். யாருக்கும் பெரிதாக ஒன்றும் ஆகாது, தோல் கொஞ்சம் சிராய்க்கும், அவ்வளவுதான்.

ஆனால் அவர்கள் மோதிக்கொள்ளும் அதே காய்ந்த கூழாங்கல் தரையில்தான் செங்கமலம் முட்டையிடுவாள்.

செங்கமலம் ஓர் ஆள்காட்டிக் குருவி. கண்ணோரம் சிவப்பு, கால் இரண்டும் மஞ்சள், தொண்டையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அவள் இனத்தில் மரத்தில் கூடு கட்டுகிற வழக்கம் இல்லை. நாலு கூழாங்கல்லை ஒதுக்கிவிட்டு, கூழாங்கல் மாதிரியே இருக்கும் நாலு முட்டையை இட்டுவிட்டு, உலகத்தில் எல்லாரும் தரையைப் பார்த்துத்தான் நடப்பார்கள் என்று நம்பி உட்கார்ந்துவிடுவார்கள். போன வருஷம் இட்ட நான்கும் கொம்பையாவின் குளம்பில் போயின. அதற்கு முந்தின வருஷம் பெரியநாயகியின் பேத்தி ஒருத்தி துள்ளிக்கொண்டு வந்ததில் போயின. யாரும் வேண்டுமென்று மிதிக்கவில்லை. மிதித்ததே அவர்களுக்குத் தெரியாது. செங்கமலத்துக்கு அதுதான் ஆறவே இல்லை.

ஏழு மலைக்கு அப்பால் அகில வன அமைதி மன்றம் என்று ஒன்று இருந்தது. அதற்கு அவள் மனுப் போட்டாள். "ஆழ்ந்த கவலை அடைகிறோம்" என்று பதில் வந்தது.

புருஷன் வையாபுரி அதை இரண்டு தரம் படித்தான். "பாரேன், நமக்காக அவ்வளவு தூரத்துல ஒருத்தர் கவலைப்படுறாரு" என்றான், நெகிழ்ந்துபோய்.

"கவலைப்பட நான் ஒருத்தி இங்க இருக்கேனே, பத்தாதா? அவங்களை வந்து நிக்கச் சொல்லுங்க!" என்றாள் செங்கமலம்.

அவள் விடவில்லை. இரண்டாவது மனுவுக்கு "மிக ஆழ்ந்த கவலை" வந்தது. நாலாவதுக்கு "சொல்லொணாக் கவலை." ஒன்பதாவது மனு போய்ச் சேர்ந்தபோது மன்றத்தில் கவலைக்கு முன்னால் போட வார்த்தையே மிச்சமில்லை. வேறு வழியில்லாமல் ஆள் அனுப்பினார்கள்.

அமைதிக் காவல் பிரிவு வந்து இறங்கிய அன்று செங்கமலம் அந்த வருஷத்து நாலு முட்டையையும் இட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. எல்லார் கழுத்திலும் நீலச் சங்குப்பூ மாலை. தளபதியாக வந்தது பாலைவனத்து ஒட்டகம். குளத்துச் சண்டையில் நடுநிலை வகிக்கத் தண்ணீர்மேல் ஆசையில்லாத ஆள்தான் வேண்டும் என்று மன்றம் தேடிப் பிடித்திருந்தது. எழுத்தராக சாந்தலிங்கம் என்ற ஆமை. ஆயுதப் பிரிவு என்று ஓர் எறும்புத்தின்னி. யாராவது உரக்கத் தும்மினாலும் அது பந்தாகச் சுருண்டுகொள்ளும். தற்காப்புக்கு மட்டுமே பலத்தைக் காட்டலாம் என்பது மன்றத்தின் விதி. விதியை அந்த எறும்புத்தின்னி மாதிரி அனுசரித்தவர்கள் யாருமில்லை.

முதல் வேலையாக, காய்ந்த குளத்தின் நடுவே கிழக்குக்கும் மேற்குக்கும் எல்லையாகச் சுண்ணாம்புக் கோடு ஒன்று போட்டார்கள். அது செங்கமலத்தின் முட்டைகளுக்கு இரண்டே சாண் தள்ளிப் போயிற்று. எல்லை என்று ஒன்று வந்ததும் அதில் போய் நின்று முறைக்காவிட்டால் கௌரவம் என்ன ஆவது? அன்று மத்தியானமே கோட்டுக்கு அந்தப் பக்கம் பெரியநாயகி, இந்தப் பக்கம் கொம்பையா. வருஷம் பூராவும் ஒரு நாள் இரண்டு நாள் வந்துபோனவர்கள், இப்போது தினமும் வந்து நிற்க ஆரம்பித்தார்கள்.

செங்கமலம் தளபதியிடம் ஓடினாள்.

"ஐயா, அங்க என் முட்டை நாலு இருக்கு. யாரும் மிதிச்சிடாம பாத்துக்குங்க."

ஒட்டகம் கழுத்தை இறக்கி அன்பாகச் சொன்னது: "நிச்சயமாகப் பார்ப்போம் அம்மா. அதற்குத்தானே வந்திருக்கிறோம்."

"மிதிச்சாங்கன்னா?"

"அப்போதும் பார்ப்போம்."

"பாத்துட்டு?"

"எழுதுவோம். எத்தனை மணிக்கு, எந்தக் கால், வலதா இடதா, எல்லாம் எழுதுவோம். பார்க்கலாம், எழுதலாம், தொடக் கூடாது. எங்களுக்கு இட்ட ஆணை அவ்வளவுதான்."

"அட ராமா! எழுதின தாளை வச்சு நான் அடைகாக்கவா?"

ஒட்டகத்துக்கு நிஜமாகவே பாவமாக இருந்தது. கெட்டவர் இல்லை அவர், சும்மா சொல்லக் கூடாது. "படிவம் பதினொன்றில் பதிவாகிற பொருளாக இருந்தால், ஐம்பது அடி சுற்றி வேலி போட எங்களுக்கு அதிகாரம் இருக்கிறது. எழுத்தரைப் போய்ப் பாருங்கள்" என்றது.

எழுத்தர் இருந்த புங்கமரத்தடியில் வரிசை நின்றது. முயல் ஒன்று எல்லை தாண்டிப் புல் மேய அனுமதி கேட்டுக்கொண்டிருந்தது. அதன் மனுவை ஆமை எழுதி முடிப்பதற்குள் அந்தப் புல்லை வேறு யாரோ மேய்ந்துவிட்டார்கள். வையாபுரியை முட்டைமேல் உட்காரவைத்துவிட்டு செங்கமலம் ஒன்றரை நாள் வரிசையில் நின்றாள். ஒவ்வொரு தரம் குளத்தில் புழுதி எழும்பும்போதும் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"முட்டையா?" என்றது ஆமை. "முட்டைன்னா படிவம் நாலும்மா."

"அதையே குடுங்க."

"படிவம் நாலு உணவுப் பொருள் பட்டியல். அதுல எழுதினா நாளைக்கே சமையல்காரர் வந்து எடுத்துட்டுப் போவாரு."

செங்கமலத்துக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. தொண்டை அடைத்த ஆள்காட்டியை அந்தக் காட்டில் அதுவரை யாரும் பார்த்ததில்லை.

"எங்க வீட்டுல அவளும் மண்ணுலதாம்மா இடுவா" என்றது ஆமை மெதுவாக. பிறகு ஒரு படிவத்தை உருவி எடுத்தது. "நான் கேக்குறதுக்கு உள்ளதை உள்ளபடி சொல்லுங்க. தரையிலயா கிடக்கு?"

"தரையிலதான்."

"கண்ணுக்குத் தெரியுமா?"

"உத்துப் பாத்தாலும் தெரியாது. கல்லு மாதிரி இருக்கும்."

"தெரியாம மிதிச்சா?"

"ஒரு குடும்பமே போயிடும்."

"இடம் மாத்தலாமா?"

"கூடவே கூடாது."

"யாரும் தொடலைன்னா?"

"இருபத்தெட்டாம் நாள் தன்னால உடையும். நாளை எண்ணிக்கிட்டேதான இருக்கேன்."

ஆமை எல்லாவற்றையும் எழுதி முடித்து ஒரு கட்டத்தில் குறி போட்டது. செங்கமலம் எட்டிப் பார்த்தாள். 'கண்ணிவெடி. எண்ணிக்கை: நான்கு' என்றிருந்தது.

"ஐயையோ!"

"நான் பொய் ஒண்ணும் எழுதலைம்மா. நீங்க சொன்னதைத்தான் எழுதினேன். அது எந்தக் கட்டத்துல போய் விழுதுங்கிறது படிவத்தோட பாடு. வேண்டாம்னா சொல்லுங்க, கிழிச்சுப் போட்டுடறேன்."

குளத்துப் பக்கம் பெரியநாயகி பிளிறுகிற சத்தம் கேட்டது. செங்கமலம் மஞ்சள் காலை மையில் தோய்த்துப் படிவத்தின்மேல் அழுத்தி வைத்தாள்.

வையாபுரிக்கு விஷயம் தெரிந்ததும் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "நம்ம பிள்ளைங்களைப் போய் வெடின்னு எழுதிட்டு வந்திருக்கியே! நாலு பேர் கேட்டா என்ன நினைப்பாங்க? பரம்பரை பரம்பரையா குருவியா இருக்கோம்."

"குருவியா இருந்து ரெண்டு வருஷமா என்ன கண்டோம்? பேசாம எந்திரிங்க, நான் உக்காரணும்."

மறுநாள் காலையில் ஐம்பது அடிக்கு முள்வேலி வந்தது. அபாயம் என்று பலகை வந்தது. தளபதி இரு தரப்பையும் கூப்பிட்டு அறிக்கையை வாசித்தார். எல்லைக்காட்டில் இருந்த தூரத்துச் சொந்தக்காரி ஒருத்தி இப்படி எதையோ மிதித்து மூன்று காலோடு திரும்பி வந்த கதையைப் பெரியநாயகி கேட்டிருந்தாள். "இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று கேட்டபடியே பின்னால் போனவள், கரையேறின பிறகுதான் நின்றாள். கொம்பையா பெருமைக்காக இரண்டு விநாடி அதிகம் நின்றார், அப்புறம் அவரும் கரையேறிவிட்டார்.

அன்றிலிருந்து அந்தக் குளத்தில் ஒரு சத்தமில்லை. நடுவில் போக முடியாததால் யானைகள் காலையில் கிழக்கு ஓரமாகக் குடித்தன, எருமைகள் சாயங்காலம் மேற்கு ஓரமாகக் குடித்தன. குட்டைத் தண்ணீர் இரண்டு பேருக்கும் தாராளமாகவே இருந்தது. அதை இத்தனை வருஷமாக ஒருவரும் நின்று பார்த்ததில்லை, மோதிக்கொள்ளவே நேரம் சரியாக இருந்தது.

மன்றத்துக்குத் தலைகால் புரியவில்லை. இதுவரை அவர்கள் போன காடுகளில் ஒன்றில்கூட இப்படி நடந்ததில்லை. தளபதியின் அறிக்கையை மூன்று தடவை சத்தமாக வாசித்துக் கைதட்டினார்கள். ஒட்டகத்துக்கு இரண்டாவது மாலை வந்தது. அதன் அறிக்கையில் செங்கமலத்தைப் பற்றியும் ஒரு வரி இருந்தது: 'உயிரைத் துச்சமாக மதித்து ஒரு குருவி வெடிகளின் மீதே அமர்ந்து காவல் காக்கிறது.' தினமும் காலையில் அந்தப் பக்கம் போகும்போது ஒட்டகம் அவளுக்கு சல்யூட் அடித்தது. அவளும் வேறு வழியில்லாமல் தலையாட்டிவைத்தாள்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இருபத்தைந்தாம் நாள் ஆமை மூச்சு வாங்க வந்து வேலிக்கு வெளியே நின்றது.

"அம்மா, ஒரு தப்பு நடந்துபோச்சு. படிவம் பதினொண்ணோட பின்பக்கத்தை நான் படிக்கலை. பதிவான வெடியை அகற்ற நிபுணரை அனுப்பணுமாம். நாளைக்கு வர்றாரு."

"யாரு நிபுணர்?"

ஆமை ஓட்டுக்குள் தலையைப் பாதி இழுத்துக்கொண்டு சொன்னது: "கீரி."



கீரியின் பெயர் தங்கராசு. ஆபத்தான சாமான்களைக் கையாள்வதில் அனுபவசாலி, பாம்புப் பிரிவில் பல வருஷம் இருந்தவர். மறுநாள் காலையில் நீல மாலையோடு வந்து வேலியோரம் நின்று மூக்கை ஒருதரம் தூக்கினார். அவ்வளவுதான். மீசை இரண்டும் துடிக்க ஆரம்பித்தன.

"அம்மணி," என்றார் தணிந்த குரலில், "நாலும் நல்ல சரக்கு. அஞ்சு நிமிஷ வேலை. சத்தம் போடாம அந்தப் பக்கம் போய் நின்னுக்குங்க."

"கிட்ட வந்தா கண்ணைப் பிடுங்கிடுவேன்!"

"அகற்றச் சொல்லி உத்தரவு இருக்குதுங்க. எப்படி அகற்றணும்னு போடலை. அது என் இஷ்டம்."

சிறகால் அடித்து விரட்டுகிற ஆள் இல்லை இது என்று செங்கமலத்துக்குத் தெரியும். எத்தனை மனு எழுதியிருக்கிறாள், எத்தனை வரிசையில் நின்றிருக்கிறாள். அதிலெல்லாம் ஏதாவது கற்றுக்கொண்டிருக்க மாட்டாளா? காடே அதிரும்படி கத்தினாள்.

"தளபதி ஐயா! நிபுணர் வந்துட்டாரு! வெடியை எடுத்துட்டா வேலியையும் எடுத்துடுவீங்கல்ல? யானையக்கா! கொம்பையா அண்ணே! நாளையிலிருந்து குளத்து நடுவுல தாராளமா வரலாமாம்!"

முதலில் பெரியநாயகி வந்தாள். "யாரைக் கேட்டு எடுக்கிறீங்க? அது இருக்கிறதாலதான் அந்த எருமைங்க இந்தப் பக்கம் வராம இருக்குதுங்க."

அடுத்து கொம்பையா வந்தார். "எடுத்துப் பாருங்க. யானைங்க வந்து மொத்தத்தையும் உறிஞ்சிட்டுப் போயிடும். ஒண்ணும் எடுக்க வேண்டாம்."

இரு தரப்பும் ஒரே விஷயத்தை ஒரே நேரத்தில் சொன்னது மன்றத்தின் சரித்திரத்தில் அதுதான் முதல் தடவை. ஒட்டகத்துக்குக் கண் கலங்கியது. கூடவே, வேலி போனால் மாலை இரண்டும் என்ன ஆகும் என்ற நினைப்பும் வந்தது.

"நிபுணரே, இரு தரப்பும் ஒப்பாமல் வெடியை அகற்ற முடியாது. அது விதி" என்றது.

தங்கராசுக்குப் பொறுமை போய்விட்டது. "வெடியாவது கிடியாவது! ஐயா, இது முட்டைங்க! மூக்கு இருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க!"

வையாபுரி கண்ணை மூடிக்கொண்டான். செங்கமலம் முட்டைகள்மேல் இன்னும் அகலமாக உட்கார்ந்தாள். அடி வயிற்றில் முட்டை ஒன்று லேசாக அசைவது அவளுக்குத் தெரிந்தது. ஓட்டுக்குள் குஞ்சு கொத்துகிறது. இன்னும் இரண்டே நாள்.

ஒட்டகம் வாயில் இருந்ததை நிதானமாக அசைபோட்டு முடித்தது. "முட்டை என்கிறீர்கள்."

"ஆமாங்க!"

"வெடி என்று மன்றத்தில் மூன்று முறை வாசித்த பொருளை."

"ஆமாங்க."

"சரி. முட்டை என்றால் உங்களுக்கு இங்கே என்ன வேலை? நீங்கள் வெடி நிபுணர் அல்லவா? வெடி என்றால் ஒப்புதல் இல்லை. முட்டை என்றால் அதிகாரம் இல்லை. எதை எழுதிக்கொள்ளட்டும்?"

மேல்முறையீட்டுக்கு எந்தப் படிவம் என்று கேட்டார் கீரி. வரிசையில் வரச் சொன்னது ஆமை. வேண்டாம், தீர்ப்பு வரும்வரை இங்கேயே இருக்கிறேன் என்று தங்கராசு வேலிக்கு வெளியே ஒரு புதரடியில் படுத்துக்கொண்டார், மூக்கு மட்டும் உள்பக்கம் பார்த்தபடி.

இருபத்தெட்டாம் நாள் காலையில் நாலும் உடைந்தன. ஆள்காட்டிக் குஞ்சுகள் மற்றப் பறவைகளின் குஞ்சுகள் மாதிரி வாயைப் பிளந்துகொண்டு கிடக்காது. சிறகு காய்ந்ததும் எழுந்து ஓடும். செங்கமலம் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் நாலும் எழுந்து, நாலும் வேலிக்கு அடியில் புகுந்து, வெளியே போய்விட்டன.

"எங்கடா ஓடுறீங்க! நில்லுங்கடா! வேலிக்கு உள்ளதான்டா பதிவு!" அவள் அலறினாள். புதரடியில் தங்கராசு மெதுவாக எழுந்து உடம்பைத் தாழ்த்தினார்.

அப்போது யானைகள் தண்ணீர் குடிக்கிற நேரம். இருபத்தெட்டாம் நாள் தானாக உடையும் என்று தளபதி வாசித்தது பெரியநாயகிக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. காலையிலிருந்தே அவள் பார்வை அந்தப் பக்கம்தான். டப்பென்று சத்தம் வரும் என்று காதை மடக்கிக்கொண்டு நின்றவள், நாலு வெடிகளும் கால் முளைத்துத் தன்னை நோக்கி ஓடி வருவதைப் பார்த்தாள்.

"வருதுடீ! ஓடுங்கடீ!"

பதினேழு யானைகள் ஒரே நேரத்தில் திரும்பின. திரும்பின வழியில்தான் தங்கராசு இருந்த புதர் இருந்தது. அங்கே இப்போது புதர் இல்லை. தங்கராசு தப்பிவிட்டார், பயப்படாதீர்கள். ஆனால் முட்டை இருக்கிற இடத்திலிருந்து ஒரு கீரி அவ்வளவு வேகமாக ஓடியதை அந்தக் காடு அன்றுதான் பார்த்தது. ஏழு மலையையும் தாண்டித்தான் நின்றாராம். மேற்குக் கரையில் கொம்பையா, யானைகள் எதற்கு ஓடுகின்றன என்று கேட்கக்கூட நிற்கவில்லை. எறும்புத்தின்னி எப்போதோ சுருண்டுவிட்டது.

புழுதி அடங்கியபோது குளத்து நடுவில் நாலு குஞ்சுகள் மட்டும் நின்றன. ஒரு கால், ஒரு இறகுகூடக் குறையவில்லை. செங்கமலம் ஒன்றுக்கு நாலு தடவை எண்ணிப் பார்த்துவிட்டு, வரிசையில் நின்றபோதுகூட அழாதவள், வையாபுரியின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அவனும் அழுதான்.

தளபதி அன்றைய அறிக்கையை எழுதச் சொன்னார்: 'வெடிகள் நான்கும் நடமாடத் தொடங்கிவிட்டன. ஆயினும் அமைதி நிலவுகிறது. பிரிவின் பணிக்காலத்தை மேலும் ஓராண்டு நீட்டிக்கக் கோருகிறேன்.' ஆமை ஒரு வார்த்தை மாற்றாமல் அப்படியே எழுதியது.

சாயங்காலம் பெரியநாயகி தயங்கித் தயங்கித் திரும்பி வந்தாள். நெற்றியில் ஓட்டுத் துண்டு ஒட்டிக்கொண்டிருந்த கடைக்குட்டிக் குஞ்சின் முன்னால், இருபது அடி தள்ளி நின்று, தும்பிக்கையைத் தாழ்த்தினாள்.

"தம்பி, ஒரு வாய் தண்ணி குடிச்சுக்கலாமா? ஓரமாத்தான் குடிப்போம். கோவப்பட்டுடாதீங்க."

குஞ்சுக்கு ஒன்றும் புரியவில்லை. தலையை ஆட்டியது. யானைகள் சத்தமில்லாமல் குடித்துவிட்டு, காலடியைப் பார்த்துப் பார்த்து வைத்துக் கரையேறின.

குஞ்சு அம்மாவிடம் ஓடிவந்தது. "அம்மா, நாம யாரும்மா?"

குருவி என்று சொல்லத்தான் செங்கமலம் வாயெடுத்தாள். தரையைப் பார்த்துக்கொண்டு நடந்துபோகும் யானைகளை ஒருதரம் பார்த்தாள்.

"வீட்டுக்குள்ள குருவிடா கண்ணு. வெளியில யாராவது கேட்டா, வெடின்னு சொல்லு."

நீதி: பாதுகாப்புக் கேட்டு மனு எழுதுகிறவர்கள் 'என்னைக் காப்பாற்றுங்கள்' என்று எழுதிக் காலத்தை வீணாக்க வேண்டாம். 'என்னிடமிருந்து மற்றவர்களைக் காப்பாற்றுங்கள்' என்று எழுதவும். மறுநாள் காலையில் வேலி வந்துவிடும்.